ஒரு கிலோ எழுநூற்று நாற்பது

பாலக்கோடு தக்காளி மண்டியில்
பதினோரு வருஷமாக எடை போடுகிறேன்.
இருநூறு கிராமுக்காக
என் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள்.
நானும் பிடித்திருக்கிறேன்.

பொரியின் காதுக்குள்
பப்ஸ் மாதிரி அடுக்கடுக்காகப் பொருக்கு.
மூக்கு நுனியில் சாம்பல் ஒட்டினாற்போல் ஒரு வெளுப்பு.
ராத்திரி ரெண்டு மணிக்கு
பின்னங்காலால் அது காதை உதைக்கிற சத்தம்
யாரோ கதவைத் தட்டுவதுபோல் கேட்கும்.
எழுந்து போய்ப் பார்ப்பேன்.
பார்த்து என்ன செய்ய,
என் முழங்கையைச் சொறிந்துகொண்டு திரும்புவேன்.

வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை மண்டியில்.
மண்ணெண்ணெய் தடவச் சொன்னார் சென்னகேசவன்.
ஆட்டை முக்குகிற மருந்துத் தண்ணியில்
கழுத்து வரைக்கும் ஒரு முக்கு என்றான் லாரி கிளீனர்.
பொருக்கைப் பிய்த்துவிட்டு மஞ்சள் வை
என்று சொன்னது யாரென்று மறந்துவிட்டது.
பிய்த்தேன், ஒரு ஓரம்.
அதுவரை
முயலுக்குக் குரல் கிடையாது என்று
நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

மெடிக்கலில் ஒரு டப்பா கொடுத்தான்.
அட்டையில் நாய் சிரிக்கிறது.
"எல்லாம் ஒரே பூச்சிதானண்ணே,
பிடரியில ரெண்டு சொட்டு."
இருநூற்றெண்பது ரூபாய்.
அன்று ராத்திரி அதன் மூக்கை நறுக்க
கத்தரிக்கோல் அகப்படவில்லை.
அவ்வளவுதான் நடந்தது.
வேறு காரணம் சொல்ல எனக்கும் ஆசைதான்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷமீமா
டப்பாவை வாங்கிப் படித்துவிட்டு
மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார்.
"நாய்க்கு மருந்து. முயலுக்கு இதுவே சாவு."
குரலை உயர்த்தவில்லை.
காதிலிருந்து ஒரு துணுக்கைக்
கண்ணாடிச் சில்லில் வைத்து
என்னைக் குனியச் சொன்னார்.
வட்ட வெளிச்சத்தில்
எட்டுக் கால்கள்,
ஒரு அவசரமும் இல்லாமல்.

"எடை என்ன?"
"ரெண்டு கிலோ இருக்கும்."
"இருக்கும்னா?"

பதினோரு வருஷம்.
வாயில் வார்த்தை வரவில்லை.

அங்கிருந்த தராசு கன்றுக்குட்டிக்கானது.
மண்டித் தராசோ
நூறு கிராமுக்குக் கீழே கண்ணை மூடிக்கொள்ளும்.
பூக்கடை கெம்பம்மாவிடம் ஓடினேன்.
சாமந்தியை இறக்கிவிட்டு
தட்டில் துண்டு விரித்தாள்.
பொரி அசையாமல் உட்கார்ந்தது.
அடக்கம் என்றாள் அவள்,
பயம் என்று எனக்குத் தெரியும்.
சிவப்பு எண்கள் துடித்துத் துடித்து நின்றன:
1.740.
என் வாய்க்கும் தராசுக்கும் நடுவே
இருநூற்றறுபது கிராம்.
கூடவே கடலையையும் நிறுத்தேன், 1.910.

ஊசியின் அடியில்
இருக்கிறதா இல்லையா என்கிற அளவு மருந்து.
தோள்பட்டைத் தோலைத் தூக்கி, அதன் அடியில்.
கடலைக்கும் ஊசியை எடுத்தபோது
அதுக்கு ஒண்ணுமில்லையே என்றேன்.
"ரெண்டும் ஒண்ணாத்தானே படுக்குது?"
பொருக்கைத் தொடாதே, தானாக விழும்.
குளிப்பாட்டாதே.
கூண்டுச் சாக்கை எரி,
பலகையில் கொதிதண்ணீர் ஊற்றி வெயிலில் போடு.
பதினாலாம் நாள் திரும்ப வா.
நான் எழுந்தபோது முழங்கையைப் பார்த்து
"அதுக்கு மனுஷ டாக்டர்" என்றார்.

ஒன்பதாம் நாள் காலையில்
காதின் அச்சு போல
முழுசாக ஒரு பொருக்கு கூண்டில் கிடந்தது.
அடியில் இளஞ்சிவப்புத் தோல்.
வெயிலுக்கு நேரே பிடித்தால்
நரம்பு ஓடுவது தெரிந்தது,
கிராமம் கிராமமாகப் பிரிந்து போகும் ரோடு போல.

பதினாலாம் நாள் 1.810.
"கழிவு எவ்வளவு போடட்டும்?" என்றாள் கெம்பம்மா.
மண்டிக்காரனிடமே மண்டி நக்கல்.
கழிவில்லாமல் எழுதிக்கொண்டேன்,
உள்ளங்கையில், பால்பாயிண்ட் பேனாவால்.

அன்றும் ரெண்டு மணிக்கு விழிப்பு வந்தது.
சத்தமே இல்லை.
சத்தமில்லாததில் பயந்து போய்ப் பார்த்தேன்.
பொரி தூங்கவில்லை.
அதன் ரெண்டு காதும்
ஓசூர் ரோட்டில் கியர் மாற்றுகிற
ஏதோ ஒரு தக்காளி லாரியின் பக்கம்
திரும்பியிருந்தன.